உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

மதிய உணவு முடிந்து முக்கால் மணி நேரம் ஆகியும் என் மகள் இனியாவின் இடது கன்னம் உப்பியே இருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். சாம்பார் சாதம் மெல்லாமல் விழுங்காமல் அப்படியே உருண்டையாகக் கிடந்தது. அவளுக்கு அப்போது நான்கு வயது முடிந்து இரண்டு மாதம். "முழுங்கு பாப்பா" என்றேன். தலையை ஆட்டினாள். முழுங்கவில்லை.

நான் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளர். பிள்ளைகளை எடை போடுவது, எந்தப் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை என்று தாய்மாரிடம் சொல்வது என் வேலை. என் பிள்ளை சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கி வைப்பதை மட்டும் அடம் என்று நினைத்தேன். மூன்று வாரம் அப்படியே நினைத்தேன். திட்டினேன், ஒருநாள் தொடையில் அடியும் கொடுத்தேன். இதைப் படிக்கிற பெற்றோரில் சிலர் இப்போது அந்த மூன்று வாரத்துக்குள் இருக்கக்கூடும். அதனால்தான் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

பிறகு வாயிலிருந்து வாடை வந்தது. முன்பற்களில் ஈறை ஒட்டிப் பழுப்புக் கோடு தெரிந்தது. அதைக் கறை என்று நினைத்துத் துணியால் தேய்த்தேன், போகவில்லை. கடைவாயில் வலப்பக்கம் ஈறின் மேல் அரிசி அளவில் ஒரு கொப்புளம். இரண்டு நாளில் அது தானாக உடைந்து வற்றியது. ஆறிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். அது சீழ்க்கட்டி (பல்லின் வேருக்குள் கிருமி போய்ச் சேர்ந்த சீழ், ஈறைத் துளைத்து வெளியே வரும் வாசல்) என்று எனக்குத் தெரியாது.

"பால் பல்லுதானுங்க, விழுந்து மொளைச்சிடும்." இதை நானே எத்தனையோ தாய்மாரிடம் சொல்லியிருக்கிறேன். முன்பற்கள் ஆறேழு வயதில் விழும், உண்மைதான். கடைவாய்ப் பால் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரைக்கும் இருந்தாக வேண்டும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் யாரையும் கேட்கவும் இல்லை.

காரணத்தையும் எழுதிவிட வேண்டும். மூன்று வயது வரைக்கும் இனியா புட்டிப்பாலை வாயில் வைத்துக்கொண்டே தூங்குவாள். வெள்ளைச் சர்க்கரை கெடுதல் என்று நாட்டுச் சர்க்கரை போட்டேன். அது உடம்புக்கு நல்லது என்று பெருமையாகவே போட்டேன். தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும், அப்போது எந்தச் சர்க்கரையாக இருந்தாலும் பல்லின் மேல் மணிக்கணக்கில் தேங்கி நிற்கும் என்று பிற்பாடு மருத்துவர் விளக்கினார்.

முதலில் பக்கத்து ஊரில் ஒரு பல் மருத்துவரிடம் போனோம். என் கணவர் செல்வம் பாலக்கோடு மண்டியிலிருந்து தக்காளி ஏற்றிப் போகிற மினி லாரி ஓட்டுகிறார். அன்று அவருக்கு லோடு இருந்தது. நானும் இனியாவும் மட்டும் பஸ்ஸில் போனோம்.

நாற்காலியில் உட்கார வைத்து விளக்கைப் போட்டதும் இனியா இறங்கி ஓடப் பார்த்தாள். உதவிக்கு இருந்த அக்கா ஒருவர் கால்களைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் கைகளை. "தலைய நீங்க புடிச்சிக்கங்கம்மா. அசையாம இருந்தா அஞ்சு நிமிசம்தான்" என்றார் மருத்துவர். தலைமாட்டில் நின்று இரண்டு உள்ளங்கைகளாலும் அவள் கன்னங்களை அழுத்திப் பிடித்தேன். வாய் மூடாமல் இருக்க ரப்பர் கட்டை ஒன்றை வைத்தார்கள். அவள் கண்கள் மேலே சொருகி என் முகத்தையே தேடின. முதலில் "அம்மா, அம்மா" என்று கத்தினாள். கட்டை வைத்த பிறகு சொல் வரவில்லை, சத்தம் மட்டும் வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. என் கைக்குள் அவள் தலை வேர்வையில் வழுக்கியது.

பாதியில் மருத்துவரே நிறுத்திவிட்டார். "இதுக்கு மேல இங்க முடியாதுங்க. தருமபுரியில கொழந்தைங்க பல் டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் நிறுத்தினார். நான் நிறுத்தச் சொல்லவில்லை என்பதுதான் எனக்குள் நிற்கிறது.

அன்றிலிருந்து இனியா வாயைத் திறக்கவில்லை. பேசுவாள், சிரிப்பாள். நான் பிரஷ்ஷை எடுத்தால் உதட்டை மடித்து உள்ளே இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள். முகம் கழுவிவிட என் கை அவள் தாடைக்குப் போனாலே கழுத்து விறைக்கும். அப்பாவிடம் மட்டும் ஒரு வாய் வாங்கிக்கொள்வாள். அவரோ விடியுமுன் மண்டிக்குப் போய்விடுகிறவர்.

அங்கன்வாடிக்கும் என்னோடுதான் வருவாள். மற்ற பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகையில் அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் ஒரு தாய், "டீச்சர் புள்ளையே எளச்சிப் போச்சே" என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, பாவப்பட்டுச் சொன்னாள். அவள் பிள்ளையின் எடையைக் குறித்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. காலையிலிருந்து மாலைவரை அந்த ஒரே அறையில் வலிக்கிற பிள்ளையும் நானும், சுற்றிலும் என்னை நம்புகிற தாய்மாரும். எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் இனியா எழுந்தபோது வலது கண் பாதிதான் திறந்தது. கன்னம் கண்ணுக்குக் கீழ்வரை வீங்கிப் பளபளத்தது. தொட்டால் சுட்டது. இதை மட்டும் மறக்காதீர்கள்: வீக்கம் கண்ணை நோக்கி ஏறினாலோ, தாடைக்கு அடியில் இறங்கினாலோ, காய்ச்சலோடு விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

செல்வம் லோடை வேறொருவரிடம் விட்டுவிட்டு வந்தார். தருமபுரியில் ஒரு மருத்துவமனையில் குழந்தைகளுக்கான பல் மருத்துவர் பார்த்தார். இனியாவை அவர் நாற்காலியில் ஏற்றவே இல்லை. என் மடியில் உட்கார வைத்து, தன் முட்டி என் முட்டியைத் தொட எதிரே அமர்ந்து, அவளை மெல்லச் சாய்த்து, உதட்டை ஒரு விரலால் தூக்கி நாலைந்து நொடி பார்த்தார். அவ்வளவுதான். வீக்கம் வடிய ஐந்து நாள் மருந்து கொடுத்தார். வடிந்த பிறகு எக்ஸ்ரே எடுத்து எங்களை உட்கார வைத்துப் பேசினார்.

"எட்டுப் பல்லு கெட்டிருக்குங்க. ஒவ்வொண்ணா பண்ணணும்னா ஏழெட்டு தடவ வரணும். இவ இப்ப இருக்கிற பயத்துல ஒரு தடவயே முடியாது. முழுசா தூங்க வச்சி ஒரே தடவையில முடிச்சிரலாம்."

செல்வத்தின் முகம் மாறியது. "பல்லுக்குப் போயி மயக்க மருந்துங்களா? கொழந்தைங்க அது. எந்திரிக்காம போயிட்டா?"

"ஆபத்தே இல்லன்னு சொல்ல மாட்டன். நல்லா இருக்கிற கொழந்தைக்கு ரொம்பக் கம்மிங்க. ஆனா இந்தச் சீழ் மறுபடி ஏறினா அதுவும் ஆபத்துதான். ரெண்டையும் பக்கத்துல வச்சிப் பாருங்க."

ஆபத்தே இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். நோட்டில் எழுதிப் போயிருந்த கேள்விகளைக் கேட்டேன். மயக்க மருந்து கொடுப்பது யார், அவர் குழந்தைகளுக்கு வழக்கமாகக் கொடுக்கிறவரா, முடிகிறவரைக்கும் அவர் கூடவே இருப்பாரா, மூச்சில் சிக்கல் வந்தால் அங்கேயே சமாளிக்க வசதி உண்டா, எந்தப் பல்லை எடுக்கப்போகிறார்கள், எதைக் காப்பாற்றப்போகிறார்கள். அவர் சலிக்காமல் பதில் சொன்னார். நீங்களும் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

இரத்தப் பரிசோதனை, குழந்தை மருத்துவரின் சான்று எல்லாம் முடிந்து தேதி வாங்கினோம். முந்தின நாள் சளி பிடித்துக்கொண்டது. சளியோடு மயக்கம் கொடுத்தால் மூச்சுக்குழாய் இறுகிவிடும் என்று மூன்று வாரம் தள்ளிவைத்தார்கள். அந்த மூன்று வாரம் ராகிக் கூழும் பருப்புத் தண்ணியும் மசித்த வாழைப்பழமும்தான். "வூட்டுக்குப் போலாம்மா" என்பாள், வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு. எங்கே வலிக்கவில்லையோ அந்த இடத்துக்கு வீடு என்று அவள் பெயர் வைத்திருந்தாள் போல.

இரண்டாவது தேதியில் நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

காலை ஒன்பது மணிக்கு அறுவை சிகிச்சை. ஆறு மணி நேரம் முன்பிருந்து பாலோ உணவோ கூடாது, இரண்டு மணி நேரம் முன்புவரை வெறும் தண்ணீர் கொடுக்கலாம் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். உங்களுக்கு உங்கள் மருத்துவர் சொல்வதுதான் கணக்கு. எழுந்ததிலிருந்து இனியா பால் கேட்டு அழுதாள். மருத்துவமனை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு செல்வமும் அவளும் உட்கார்ந்திருந்தார்கள். நான் பதிவுச் சீட்டு வாங்க வரிசையில் நின்றேன். அரை மணி நேரம் ஆனது.

திரும்பி வந்தபோது அழுகை நின்றிருந்தது. எனக்கு அது நல்லதாகப் பட்டது. மேல்மாடியில் அவளுக்குப் பச்சை அங்கி மாட்டிவிட்டார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில், நடைபாதை பெஞ்சில், அவளை மடியில் வைத்திருந்தேன். கொட்டாவி விட்டாள். பால் வாசம் அடித்தது.

செல்வத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"என்ன குடுத்தீங்க?"

"ரெண்டு ரஸ்க்கு. பால்ல நனைச்சி."

"ஏங்க!"

"அவ அழுவுறத பாக்க முடியல." குரலைத் தாழ்த்தினார். "சொல்லாத. சொன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. இன்னும் எத்தன நாளு இந்தப் புள்ள இப்படியே கெடக்கும்? ரெண்டு ரஸ்க்குல என்ன ஆயிடப் போவுது?"

நடைபாதையின் ஒரு பக்கம் தியேட்டர் கதவு. இன்னொரு பக்கம் படிக்கட்டு. சொன்னால் படிக்கட்டு. இன்னும் மூன்று வாரம், இன்னொரு சளி, இன்னொரு வீக்கம். சொல்லாவிட்டால் அந்தக் கதவு. உண்மையைச் சொல்கிறேன், சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்ட படிவம் என் கையில் இருந்தது. அதில் குழந்தை வெறும் வயிற்றில் இருக்கிறது என்ற வரியின் கீழ் என் பெயர் இருந்தது. அவள் என் மார்பில் சாய்ந்து, வயிறு நிறைந்த சுகத்தில், விரலால் அங்கியின் நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் கதவைத் திறந்து வந்தார். "கடைசியா எப்பம்மா சாப்ட்டா?"

செல்வம் என் முழங்கையைப் பிடித்தார். அந்தப் பிடி எனக்குத் தெரிந்த பிடி. அசையாமல் இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்கிற பிடி.

"ஏழரை மணிக்கு. ரஸ்க்கும் பாலும்" என்றேன்.

நர்ஸ் உள்ளே போனார். மயக்க மருந்து நிபுணர் வெளியே வந்தார். நரைத்த தலை, பச்சைத் தொப்பி. திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் செல்வத்தின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நீங்கதான் குடுத்தீங்களா?"

"ஆமாங்க சார்."

"நாம முழிச்சிருக்கும்போது சோறு தப்பா எறங்கினா பொரை ஏறும், இருமுவோம். மயக்கத்துல அந்த இருமல் வராதுங்க. வயித்துல இருக்கிறது மேல வந்தா நேரா நுரையீரலுக்குப் போயிரும். அதுக்குத்தான் இந்தப் பட்டினி."

செல்வம் இனியாவின் வயிற்றைப் பார்த்தார்.

"புள்ள அழுதா யாருக்கும் மனசு கேக்காது. குடுத்தவங்கள நான் நெறய பாத்திருக்கன். குடுத்துட்டு மறைக்கிறவங்களுக்குத்தான் நான் பயப்படுறன்." எழுந்தார். "இன்னிக்கு முடியாது. சாயந்தரம் வரைக்கும் இவள மறுபடி பட்டினி போடவும் கூடாது. நாளான்னிக்கு மொத ஆளா வாங்க."

அங்கியைக் கழற்றியதும் இனியா, "வூட்டுக்காம்மா?" என்று சிரித்தாள். படிக்கட்டில் செல்வம் எனக்குப் பின்னால் வந்தார். ஊர் எல்லை வந்ததும் அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "நான் சொன்னதக் கேட்டுட்டு நீ சும்மா இருந்திருந்தா?" என்றார். என்னிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. நானும் அரை நிமிடம் சும்மா இருக்கத்தான் நினைத்தேன் என்பதை அவரிடம் இதுவரை சொன்னதில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.

மூன்றாவது தேதியில் போனோம். இனியா அழுதாள், யாரும் எதுவும் கொடுக்கவில்லை. மயக்கம் வரும்வரை என்னை உள்ளே இருக்கவிட்டார்கள். எல்லா இடத்திலும் விடமாட்டார்கள், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். என் மடியிலேயே முகமூடியை வைத்தார்கள். திமிறினாள். கைகளை நான் பிடிக்கவில்லை, அணைத்துக்கொண்டேன். இரண்டுக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. கண் திறந்திருந்தபடியே பார்வை மட்டும் எங்கோ போனது. பிறகு அவள் கனத்தாள். தூங்குகிற பிள்ளையின் கனத்தை நான்கு வருடமாகத் தூக்கியிருக்கிறேன். இது வேறு கனம். யாரோ அவளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள், கதவைக் காட்டினார்கள்.

இரண்டரை மணி நேரம். பெஞ்சின் எதிரே சுவரில் ஒரு மஞ்சள் கறை இருந்தது. அதன் ஓரம் எங்கே வளைகிறது என்று இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

நான்கு கடைவாய்ப் பற்களில் வேர் சிகிச்சை (பல்லுக்குள் இருக்கும் நரம்பும் இரத்தக்குழாயும் கெட்டுவிட்டதால் அதை அகற்றி மருந்து நிரப்புவது) செய்து எஃகுத் தொப்பி மாட்டியிருந்தார்கள். இரண்டு பற்களை அடைத்திருந்தார்கள். ஒரு முன்பல்லையும் வீக்கம் கொடுத்த கடைவாய்ப் பல்லையும் எடுத்துவிட்டார்கள். கடைவாயில் எடுத்த இடத்துக்கு ஒரு கம்பி வளையம். பக்கத்துப் பல் சாய்ந்துவந்து, பின்னாளில் முளைக்க வேண்டிய பல்லின் இடத்தை அடைத்துவிடாமல் அது காக்கும்.

கண் விழிப்பதைப் பற்றி எங்களிடம் சொல்லியிருந்தார்கள், ஆனாலும் நான் தயாராக இல்லை. இனியா கண்ணை மூடிக்கொண்டே அலறினாள், உதைத்தாள், என்னைத் தள்ளினாள். நான் யாரென்றே அவளுக்குத் தெரியவில்லை. மயக்கம் தெளிகிறபோது சில குழந்தைகளுக்கு வருகிற குழப்பம் இது. பிள்ளைக்குப் பிற்பாடு ஞாபகம் இருக்காது என்றார் நர்ஸ். அரை மணி நேரத்தில் அடங்கியது. குரல் கம்மியிருந்தது, எச்சிலில் இளஞ்சிவப்பாக இரத்தம் வந்தது, அது இயல்புதான். மரத்துப்போன உதட்டை அவள் கடித்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொண்டோம். மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஐந்தாம் நாள், அங்கன்வாடியில் கொண்டைக்கடலைச் சுண்டல். இனியா ஒன்றை எடுத்துக் கடைவாயில் வைத்தாள். கொஞ்சம் யோசித்தாள். கடித்தாள். எஃகுப் பல்லில் கடலை நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. இன்னொன்று எடுத்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு எடைக் கருவியைத் துடைத்தேன்.

பிரஷ்ஷுக்கு அவள் உதட்டைத் திறக்க இன்னும் இரண்டு மாதம் ஆனது. மருத்துவர் சொன்னபடி, முதலில் அவள் என் பல்லைத் தேய்த்தாள், பிறகு நான் அவள் பல்லை, ஒன்று என்று எண்ணி முடிக்கிற நேரம் மட்டும். இப்போது தாய்மார் எடை போட வரும்போது, பிள்ளையை மடியில் சாய்த்து மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள் என்கிறேன். ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் ஆரம்பம், பழுப்பாகும்வரை காத்திருக்க வேண்டாம். வெட்கத்தை விட்டு இனியாவின் கதையையும் சொல்கிறேன். என் பிள்ளைக்கு ஏன் வந்தது என்று கேட்டால் நாட்டுச் சர்க்கரையையும் சொல்கிறேன்.

சென்ற வருடம் எனக்கே ஒரு கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. நாற்காலியில் சாய்ந்தேன். விளக்கு கண்ணில் அடித்தது, வாய்க்குள் குழாய், பேச முடியாது, எழ முடியாது. முப்பத்திரண்டு வயதுக்காரி, நானாகவே வந்து படுத்தவள், யாரும் என்னைப் பிடிக்கவில்லை. அரை மணி நேரம் ஆகியிருக்கும் என்று நினைத்துக் கண்ணைத் திருப்பிச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு நிமிடம் ஆகியிருந்தது. ஒரு குழந்தைக்கு ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் என் உடம்புக்குத் தெரிந்தது.

போன மாதம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகிற பரிசோதனை. இனியாவுக்கு ஆறரை வயது. அவளே ஏறிப் படுத்துக்கொண்டாள். மருத்துவர் என்னைக் கூப்பிட்டு, "கைய கழுவிட்டு வாங்க. இங்க தொட்டுப் பாருங்க" என்றார். எஃகுத் தொப்பிகளுக்கெல்லாம் பின்னால், கீழ்த்தாடையின் கோடியில், ஈறைக் கிழித்துக்கொண்டு ஒரு கூர் என் விரலில் குத்தியது.

"மொத நெரந்தரப் பல்லு. எதுவும் விழாமலே பின்னாடி வர்றதால பால் பல்லுன்னு நெனச்சி விட்டுருவாங்க. இது விழுந்து மொளைக்காதுங்க. இவ பாட்டியாவுற வரைக்கும் இதுதான்."

விரலை எடுக்க மனம் வரவில்லை. நான் இல்லாத வருடங்களிலும் இவள் சோறு மெல்லப்போகிற பல் அது. இன்னும் பாதிகூட வெளியே வரவில்லை.